குடத்தில் வைத்த சேறு

வீரையாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் எனக்குக் கோபம்தான் வருகிறது. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்திருந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும். அவர் சொன்னதற்கு மேலே செய்கிற ரகம். அந்த ரகத்தோடு வேலை பார்த்தவர்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும்.

1979. நான் கோயம்புத்தூரில் ஒரு மண் ஆய்வுக்கூடத்தில் சாம்பிள் எடுக்கிறவன். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம். தோட்டத்துக்குக் கீழே ஒரு சதுப்பு, சதுப்பின் ஓரத்தில் ஓர் ஊற்று, அந்த ஊற்றை நம்பி, லயம் என்கிற தொழிலாளர் குடியிருப்பில் நாற்பது குடும்பங்கள். எல்லாரும் இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்கள். பாதிப் பேருக்கு வயிற்றுவலியும் வாந்தியும். வீரையாவின் மனைவி கருப்பம்மா கொழுந்து பறிக்கப் போகமுடியாமல் இரண்டு மாதமாகப் படுத்திருந்தார்.

தேயிலை இலையில் கொப்புளம் வராமல் இருக்க அடிக்கிற செம்பு மருந்து ஊற்றில் கலக்கிறது, மேலே ஓடையிலிருந்து எங்களுக்குப் பீலி போட்டுத் தரவேண்டும் என்று லயத்தார் மனுக் கொடுத்தார்கள். குழாய்த் தண்ணீரை அவர்கள் பீலி என்பார்கள். தோட்டத்துத் துரை, அதாவது மேனேஜர், ஒரே வரியில் பதில் எழுதினார்: இந்த மலை மண்ணிலேயே செம்பு உண்டு.

உண்டுதான். எந்த மண்ணிலும் கொஞ்சம் இருக்கும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதுதான் கேள்வி. சதுப்பில் சேறு வருஷா வருஷம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகிறது. ஆறடி ஆழத்தில் கிடப்பது இந்த மலைக்குத் தேயிலை வருவதற்கு வெகுகாலம் முன்னால் படிந்த சேறு. அதில் இருக்கிற செம்பு மலையுடையது. மேல்சேற்றில் அதைவிட எவ்வளவு கூடுதலோ, அது நாம் போட்டது. இதைத் துரைக்கு விளக்கிய நேரத்தில் சதுப்பில் இருந்த அட்டைகளுக்கு விளக்கியிருக்கலாம். அவையாவது காலைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கும்.

உதவிக்கு லயத்திலிருந்து வந்தவர் வீரையா. ஐம்பது வயது. இலங்கைத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். ராமேஸ்வரத்தில் கப்பலைவிட்டு இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, மலையேறியபோது அவரிடம் உருப்படியாக இருந்தது இரண்டு பித்தளைக் குடங்கள். இங்கே வந்து ஆறு வருஷமாக மருந்தடிக்கிற வேலை.

இரண்டு பேருமாக நீளமான பிளாஸ்டிக் குழாயைச் சேற்றில் இறக்கினோம். மேல்சேற்றைப் பையில் போட்டு நானே எடுத்துக்கொண்டேன். ஆழத்துச் சேற்றை இனிமேல்தான் நாலு இடத்தில் எடுக்க வேண்டியிருந்தது. பாலிதீன் பைகளை அவரிடம் கொடுத்தேன்.

"ஏனுங்க வீரையா, எடுத்ததும் இதுல போட்டுக் கட்டி வையுங்க. வேற எதுலயும் படக்கூடாதுங்க. நாளைக்கு வந்து வாங்கிக்கறேன்."

"சரிங்க ஐயா. பத்திரமா வைக்கிறேன்."

மறுநாள் மழை. மண் சரிந்து பஸ் நின்றுபோனது. ஐந்து நாள் கழித்துப் போனேன். பைகளை அழகாகக் கட்டிக் கையில் கொடுத்தார்.

சோதித்துப் பார்த்தால் ஆழத்துச் சேற்றில் மேல்சேற்றைவிட அதிகமாகச் செம்பு. எங்கள் அதிகாரி அப்படியே எழுதி அனுப்பிவிட்டார். துரைக்கு ஒரே சந்தோஷம். மலை மண்ணே இப்படித்தான், பீலி கிடையாது என்று லயத்துச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

எனக்கு அந்தக் கணக்கு ஒட்டவேயில்லை. தாளைத் திரும்பப் பார்த்தேன். செம்போடு துத்தநாகமும் ஏறியிருந்தது. மருந்தில் துத்தநாகம் இல்லை. செம்பும் துத்தநாகமும் சேர்ந்தால் பித்தளை. அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

"சேத்தை எதுல வெச்சிருந்தீங்க?"

"குடத்துலங்க ஐயா." அவர் முகத்தில் பெருமை. "கவர்மெண்டுக்குப் போற சாமான். பையில கெடந்தா எலி கடிக்கும். புளி போட்டு மூணு தடவ வெளக்கி, அதுல வச்சேன். நீங்க வந்தப்பதான் பைக்கு மாத்துனேன்."

புளி தேய்த்த பித்தளையில், புளிப்பேறிய சதுப்புச் சேறு ஐந்து நாள். புளிப்பு பித்தளையைக் கரைத்துச் சேற்றில் இறக்கியிருந்தது. தலையில் அடித்துக்கொண்டேன். "நான் என்னங்க சொன்னேன்" என்று கத்தினேன். உள்ளே படுத்திருந்த கருப்பம்மா எழுந்து வந்து, "வெளக்குனது நாந்தாங்க ஐயா, அவர ஏசாதீங்க" என்றார். நிற்கமுடியாமல் சுவரைப் பிடித்திருந்தார். அதற்குமேல் நான் என்ன கத்துவது.

மறுபடியும் குழாய், மறுபடியும் அட்டை. இந்தத் தடவை பைகளை என் மடியிலேயே வைத்துக் கோயம்புத்தூர் கொண்டுபோனேன். ஆழத்தில் பத்து லட்சத்துக்குப் பதினெட்டுப் பங்கு. மேலே இருநூற்று நாற்பது. துத்தநாகம் எங்கும் ஏறவில்லை.

அதோடு விட்டார்களா? கூடுதல் செம்பு எப்படி வந்தது என்பதற்குச் சாட்சி வேண்டும் என்றார் அதிகாரி. போய்க் கேட்டேன். வீரையா என்னை ஊற்றுக்கு மேலே ஒரு பாறைக்குக் கூட்டிப்போனார். பாறை முழுக்க நீலப்பச்சைக் கறை.

"மருந்து கேனை இங்கதாங்க கழுவுறது. ஆறு வருசமா நாந்தான் கழுவுனேன்." அந்தக் கறையை விரலால் தேய்த்தார். "அப்ப அவ வயித்துல போனது என் கையால போனதுங்களா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "கழுவச் சொன்னது நீங்க இல்லைங்களே" என்றேன்.

"எழுதுங்க ஐயா. கழுவுனவன் பேரையும் எழுதுங்க, கழுவச் சொன்னவங்க பேரையும் எழுதுங்க."

எழுதினால் வேலை போகும், வேலை போனால் லயத்து வீடும் போகும் என்று எவ்வளவோ சொன்னேன். காதில் வாங்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

நாலு மாதத்தில் பீலி போட்டார்கள். அதே வாரம் வீட்டைக் காலி செய்யச் சொல்லி வீரையாவுக்குக் கடிதமும் வந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஊற்றைக் கடைசியாக ஒருமுறை சோதிக்கப் போயிருந்த அன்றுதான் அவர்கள் கிளம்பினார்கள். பீலியில் தண்ணீர் திறந்துவிட்டதே அன்று காலையில்தான். மேட்டுப்பாளையம் பஸ் வரும் நேரம். கருப்பம்மா பீலியடியில் நின்று ஒரு குடத்தை விளிம்புவரை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"வழியில தண்ணி கெடைக்காதுங்களா? இதை வேற எதுக்குச் சுமக்கறீங்க?" எரிச்சலில்தான் கேட்டேன்.

வீரையா குடத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். "இந்தப் பீலித் தண்ணிய இன்னும் ஒரு வாய்கூட அவ குடிக்கலைங்க" என்றார்.