கண் திறக்கும் வரை ஊர்க்காரி

போன வருடம் ஒஸ்லோவில் முதல் பனி கொட்டிய வாரம் அது. நான் வேலை செய்த தொலைபேசிச் சேவை அலுவலகத்தில் நடந்தது. சுவீடனிலிருந்து வாடிக்கையாளர்கள் அழைத்தால் நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். என்னுடையது தற்காலிக வேலை. நிரந்தரமாக்குவோம், நிரந்தரமாக்குவோம் என்று ஆசை காட்டியே இழுத்தடித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் பிறந்து வளர்ந்தது சுவீடனின் தென்கோடியில், ஸ்கோனே மாகாணத்துக் கடலோரச் சிற்றூர் ஒன்றில். அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தவர்கள். கல்யாணம் கட்டித்தான் நான் ஒஸ்லோவுக்கு வந்தேன். எங்கள் ஸ்கோனேப் பேச்சைக் கேட்டால் மற்றச் சுவீடன்காரர்களுக்குச் சிரிப்பு வரும். 'ர'வைத் தொண்டைக்குள்ளிருந்து கொண்டுவருவோம். ஒவ்வோர் உயிரெழுத்தையும் இழுத்து வளைப்போம். வாய்க்குள் கஞ்சியை வைத்துக்கொண்டு கதைக்கிறோம் என்று கிண்டல் செய்வார்கள். எனக்கு அந்தக் கஞ்சிச் சுவீடிஷைத் தவிர வேறு சுவீடிஷ் தெரியாது.

எங்கள் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை மதியம் ஒரு விளையாட்டு உண்டு. யாராவது கைபேசியில் ஒருவருடைய பேச்சை ஓடவிடுவார்கள். அவர் சுவீடனில் எந்தப் பக்கம் என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். நோர்வேஜியர்களுக்கு ஸ்டொக்ஹோல்மும் ஸ்கோனேயும் பிடிபட்டாலே பெரிய காரியம். சுவீடன்காரர்களே பாதி நேரம் தடுமாறுவார்கள். நான் விடமாட்டேன். வடக்கே ஆமாம் என்று சொல்வதற்குப் பதிலாக மூச்சை உள்ளே இழுத்து ஒரு சத்தம் போடுவார்கள். அது போதும் எனக்கு, ஆளைப் பிடித்துவிடுவேன்.

அந்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். தென் சுவீடனில் இருந்து அழைப்பவர்களை வரவேற்கும் பதிவுக் குரலுக்கு அந்த ஊர்ப் பேச்சுப் பேசும் ஒருவரைத் தேடினார்கள். குரல் கொடுப்பவருக்கே அந்தப் பிரிவில் நிரந்தர வேலை. அதிகாரியும் ஸ்கோனேக்காரர்தான். அவர் ஊரும் என் ஊரும் ஒரே பஸ் பாதை. எங்கள் விளையாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. பெயர் சொல்லாமல் எல்லோருடைய பதிவையும் போடுங்கள், நானே கேட்டுத் தேர்ந்தெடுக்கிறேன் என்றார்.

சாப்பாட்டு அறையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். முதலில் ஓடியது எங்களோடு வேலை செய்த, ஸ்டொக்ஹோல்மில் வளர்ந்த ஒரு பெண்ணின் குரல். ஸ்கோனேக்காரி போல அவள் வலிந்து பேசியதைக் கேட்டு, இவர் டென்மார்க்கா என்று அதிகாரி கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அதன்பின் ஓடிய இன்னொன்றுக்கு உதட்டைப் பிதுக்கினார். பிறகு என் குரல் வந்தது.

அவர் முகமே மாறிவிட்டது. இது எங்கள் பக்கம், அதுவும் கிழக்குக் கரை, என் பெரியம்மா இப்படித்தான் பேசுவார் என்றார். இன்னொரு தடவை போடச் சொன்னார். கண்ணைத் திறக்காமலே, "இவர்தான், இனித் தேட வேண்டாம்" என்றார். வேலை கிடைத்ததைவிட, கிழக்குக் கரை என்று அவர் சொன்னதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். என் வாழ்க்கையில் எந்தச் சுவீடன்காரரும் என்னை ஊர் சொல்லி அடையாளம் கண்டதில்லை. எந்த நாடு என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

நான்தான் அது என்று கையை உயர்த்தினேன்.

கண்ணைத் திறந்து பார்த்தார். முதலில் சிரித்தார். நன்றாக மிமிக்ரி செய்கிறீர்களே என்றார். நான் அங்கேயே பிறந்தவள் என்று அதே பேச்சில் சொன்னேன். என் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னேன். அவருக்குத் தெரிந்த பள்ளிக்கூடம்தான். மறுபடி போடுங்கள் என்றார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு கேட்டார். இப்போது கேட்கிறது, அடியில் வேறேதோ ஒலி இருக்கிறது, வாடிக்கையாளர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றார். எந்தச் சொல்லில் என்று கேட்டேன். சொல்லத் தெரியவில்லை, ஆனால் இருக்கிறது என்றார். ஒவ்வொரு வெள்ளியும் என்னிடம் தோற்றவர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். தங்கள் சாப்பாட்டு டப்பாவில் இருந்த ரொட்டித் துண்டுகளை அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேலை அந்த ஸ்டொக்ஹோல்ம் பெண்ணுக்குப் போனது. என் ஒப்பந்தத்தை அதன்பின் நீட்டவில்லை.

ஒஸ்லோவின் ஓரத்தில், எல்லிங்ஸ்ருட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அழுதேன். என் கணவர் ஒஸ்லோவிலேயே பிறந்தவர், எதையும் பகிடியாக்கித்தான் ஆறுதல் சொல்வார். "இஞ்சை பாரும், அந்தாளுக்குக் காது நல்லாத்தான் கேட்டிருக்கு. கண்தான் பிழை. விடும், வேறை வேலை பாப்பம்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. விடச் சொல்வது சுலபம். அவர் பேசும் நோர்வேஜிய மொழியை யாரும் இரண்டாம் தடவை போட்டுக் கேட்டதில்லையே.

அடுத்த சனிக்கிழமை தமிழ்க் கடையில் முருங்கைக்காய் எடுத்துக்கொண்டே கணவரோடு தமிழில் கதைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஓர் அக்கா திரும்பிப் பார்த்தார்.

"பிள்ளை சுவீடனோ? ஸ்கோனேப் பக்கமோ?"

"ஓம் அக்கா. எப்பிடித் தெரியும்?"

"என்ரை தங்கச்சியின்ரை பிள்ளையள் அங்கைதான். அவையளும் உப்பிடித்தான், தொண்டைக்குள்ளாலை தமிழ் கதைக்கிறவை" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு வெண்டைக்காய் பொறுக்கத் தொடங்கினார். என் தமிழிலேயே அந்த ஊர் கேட்கிறதாம். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கையில் முருங்கைக்காயோடு நின்றேன். கணவரும் அன்று பகிடி ஒன்றும் விடவில்லை.

இப்போது வேறோர் இடத்தில் வேலை செய்கிறேன். அங்கே என்னிடம் யாரும் சுவீடிஷ் எதிர்பார்ப்பதில்லை. எப்போதாவது மனம் கேட்காமல் அந்த நிறுவனத்தின் எண்ணை அழுத்துவேன். ஸ்கோனேயில் யாருமே பேசாத ஒரு ஸ்கோனேப் பேச்சு என்னை வரவேற்கும். வாடிக்கையாளர்கள் யாரும் எதையும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. அந்த அதிகாரி தொடக்கத்திலேயே என் குரலை ஒதுக்கியிருந்தால் இதை எப்போதோ மறந்திருப்பேன். கண்ணை மூடிக்கொண்டு என்னை அவர் பெரியம்மாவின் ஊர்க்காரியாக வைத்திருந்தாரே, அந்தச் சில நிமிடங்களைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.