வாரேன் என்று சொல்லக் கூடாத வீடு

துக்க வீட்டுக்கு வருகிறவர்கள் கிளம்பும்போது சொல்லிக்கொண்டு போகக் கூடாது. எங்கள் பக்கம் அது கண்டிப்பான முறை. "போயிட்டு வாரேன்" என்றால், மறுபடியும் இப்படி ஒரு காரியத்துக்கு வருவேன் என்று ஆகிவிடுமாம். அதனால் பேசிக்கொண்டிருப்பவர்கள் பாதியில் எழுந்து, சேலையை உதறிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். நானும் நாற்பத்தாறு வயது வரை எத்தனையோ வீடுகளிலிருந்து அப்படித்தான் எழுந்து போனேன். இந்த முறையைக் கண்டுபிடித்தவர் யாரோ தெரியாது. ஆனால் அவர் வீட்டுக்குள்ளே உட்கார்ந்து அழுதவராக இருக்க முடியாது. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவராகத்தான் இருக்கும்.

என் வீட்டுக்காரர் லேத் பட்டறையில் வேலை பார்த்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் டிபன் கேரியரை வண்டியில் மாட்டிக்கொண்டு, தினமும் சொல்வதுபோல "வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பதினொரு மணிக்குப் போன் வந்தது. நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை. சாயங்காலம் பட்டறைக்காரர்கள் அந்தக் கேரியரையும் மறக்காமல் கொண்டுவந்து கொடுத்தார்கள். புளிச்சோறு அப்படியே இருந்தது.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கோச்சடையில் ரெண்டு அறை வீடு, அதில் நாங்கள் ரெண்டு பேர், அவ்வளவுதான். எழுமலையிலிருந்து வந்த அவருடைய அக்கா, என் மதினி, வந்த அன்றே வீட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். நான் எங்கே உட்கார வேண்டும், யார் வந்தால் கட்டிப்பிடித்து அழ வேண்டும், எல்லாம் அவர் சொன்னபடிதான். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டு என்னை எழுமலைக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொள்வது என்றும் அவரே முடிவு செய்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

வந்தவர்கள் எல்லாரும் "நாங்கல்லாம் இருக்கோம்ல" என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், சொன்னவர் இருக்க மாட்டார். ஒவ்வொரு தடவையும் என் வீட்டுக்காரர் மறுபடி செத்ததுபோல் இருந்தது. சொல்லிவிட்டுப் போனவரே வரவில்லை, சொல்லாமல் போகிற இவர்களா வரப்போகிறார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பதாம் நாள் அடுத்த வீட்டு அக்கா வந்தார். அவர் வீட்டுக்காரர் கல்யாணங்களுக்குப் பிரியாணி ஆர்டர் எடுப்பவர். வீட்டில் கிலோ கணக்கில் பூண்டு உரிக்கிற வேலை அக்காவுடையது. என் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் எழுந்தவர், பழக்கதோஷத்தில், "வாரேம்மா" என்றுவிட்டார்.

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். "யா அல்லா, வாய் தவறிருச்சே."

மதினி விடவில்லை. "எழவு வீட்டுல நின்னுக்கிட்டு வாரேன்னு சொல்றியே, இன்னொரு எழவு விழணுமா இங்க?"

எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு கோபம் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. ஒன்பது நாளாக மூடியிருந்த வாய் திறந்தது. "வாங்கக்கா," என்றேன். "நாளைக்கும் வாங்க. அதுக்கு மறுநாளும் வாங்க. இந்த வீட்டுல இனிமே விழுறதுக்கு என்ன இருக்கு?"

மறுநாள் மூணு மணிக்கு அக்கா வந்தார். கையில் முறம் நிறையப் பூண்டு. "சும்மா ஒக்காந்திருந்தா எனக்கு என்ன பேசன்னு தெரியல. என் வேலைய இங்கன வச்சுப் பாத்துக்கிறேன்," என்றார். நானும் முறத்தில் கையை விட்டு உரித்தேன். நகக்கண் எரிந்தது. அத்தனை நாளில் வயிற்றைத் தவிர வேறு ஏதோ ஒன்று எரிந்தது அன்றைக்குத்தான், நன்றாக இருந்தது. பாங்கு சொன்னதும் எழுந்தார். இந்தத் தடவை வாய் தவறவில்லை. மதினியை நேராகப் பார்த்துவிட்டு, வேண்டுமென்றே, "வாரேம்மா" என்றார்.

பதினாறு முடிந்தது. மதினி என் சேலைகளை மடித்துப் பையில் வைத்தார். நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பீரோவில் வைத்தேன்.

"இங்க யாருடி இருக்கா ஒனக்கு?" என்று கத்தினார்.

"மூணு மணிக்கு ஆள் வரும்," என்றேன்.

"பூண்டு உரிக்கிறவ ஒரு ஆளா?"

"சொன்னா வாரவங்கதான் மதினி ஆளு."

மதினி பையை உதறிப் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ் ஏறினார். கோபத்தில் சொல்லாமல் போனாரா, முறைப்படி சொல்லாமல் போனாரா என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நான் எந்தத் துக்க வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்று சத்தமாக "வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன். சொன்னபடி மறுபடி போகவும் செய்வேன். என்னைப் பற்றிப் பேசுகிறார்கள். பேசட்டும், வாய் வலித்தால் நிறுத்திக்கொள்வார்கள். பிரியாணி ஆர்டருக்கு நானும் அக்காவோடு போக ஆரம்பித்திருந்தேன். அதையும்தான் பேசினார்கள்.

மூணாம் வருஷம் எழுமலையில் மதினியின் வீட்டுக்காரர் தவறிப்போனார். போனேன். காரியம் வரைக்கும் இருந்தேன். அத்தனை அதிகாரம் பண்ணிய மனுஷி சுவரோரம் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போவதை அவர் கண் வாசல்வரை பின்தொடர்ந்துபோய்த் திரும்பி வந்தது. எனக்குத் தெரிந்த பார்வை அது.

மறுநாள் கல்யாண ஆர்டர் இருந்தது. நான் கிளம்ப வேண்டும். ஊருக்கெல்லாம் சொன்ன வாய் அங்கே மட்டும் வரவில்லை. மதினிக்கு முறை பெரிது. இந்த நிலைமையில் போய் அவரோடு மல்லுக்கு நிற்க எனக்கு மனசில்லை. சத்தமில்லாமல் எழுந்து பையை எடுத்தேன்.

சேலை முந்தி எதிலோ மாட்டி இழுத்தது. திரும்பினேன். மதினியின் கை.

"எல்லாருகிட்டயும் சொல்றியாம்ல," என்றார். "எங்கிட்ட மட்டும் சொல்லாமப் போறியேத்தா."

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் பார்க்க அவர் முன்னால் உட்கார்ந்தேன். தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். "வாரேன் மதினி."

"எப்ப?"

"புதன்கிழமை. மூணு மணிக்கு. பூண்டு கொண்டாரேன், எனக்கு உரிச்சுத் தரணும்."