போர்மன் முதுகில் விழுந்த பந்து

நேற்று ஹோம்புஷ் ரயிலில் பக்கத்தில் இருந்தவரிடம் நோவெண்ணெய் மணத்தது. உங்களுக்கு அந்த மணம் முழங்கால் வலியை நினைவூட்டலாம். எனக்கு நினைவு வந்தது என் அண்ணாவின் தொழிற்சாலை மேற்பார்வையாளரான போர்மனுடைய முதுகு.

ஐந்தாறு வருடங்களுக்கு முந்திய கதை. அண்ணா சிட்னிக்கு வந்து தொழிற்சாலையில் சேர்ந்த புதிது. மத்தியானச் சாப்பாட்டைத் தனியே இருந்து சாப்பிடுவார். மற்றவர்களெல்லாம் சனிக்கிழமை பேஸ்பால் ஆடிக் கூட்டாளிகளானவர்கள். ஒருநாள் போர்மன், "வந்து ஆடிப் பார், சரிவந்தால் அணியில் சேர்க்கிறேன்" என்றாராம். அந்தச் சந்தோஷத்தில் அண்ணா கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டார்.

நான் இயந்திர வரைபடம் வரைகிறவள். எதையும் எண் போட்டுச் சொன்னால்தான் எனக்கு நிம்மதி. ஒருவர் அவுட் ஆகும் வழிகளை ஒன்று, இரண்டு என்று அண்ணாவுக்கு ஒப்புவித்தேன்.

"விளங்கிச்சோ அண்ணா?"

"ஓம், ஓம். இது எங்கட எல்லேதானே!"

எல்லே, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு ஓடுகிற விளையாட்டு. ஓடுகிறவர்மேல் பந்தை எறிந்து பட்டால் அவுட். ஆனால் அந்தப் பந்து மெத்தென்றிருக்கும்.

சனிக்கிழமை இரண்டு அணியாகப் பிரிந்து ஆடியபோது போர்மன் எதிரணியில் ஓடினார். அண்ணா பந்தைப் பொறுக்கிக் குறி பார்த்து எறிந்தார். கல்லுப் போன்ற பந்து முதுகின் நடுவில் விழுந்தது. "அவுட்!" என்று அண்ணா துள்ளினார். வேறு யாரும் துள்ளவில்லை.

அண்ணா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லேல்லையே, பிள்ளை!"

உண்மைதான். எப்படி அவுட் ஆகும் என்று சொன்னேன். எப்படி ஆகாது என்பது, ஆள்மேல் எறிந்தால் ஆகாது என்பது, என் பட்டியலில் இல்லை.

புள்ளி எழுதிக்கொண்டிருந்த போர்மனின் மனைவிதான் முதலில் சிரித்தார். கணவரின் முதுகில் நோவெண்ணெய் தேய்த்தபடியே விளக்கினார். ஆதியில் பேஸ்பாலிலும் எறிந்துதான் அவுட்டாக்கினார்களாம். ஒருதரம் நிலத்தில் குத்தி எழும்பிய பந்தைப் பிடித்தாலும் அவுட்டாம். எறிவதை விட்டு, தொட்டால் போதும் என்று ஆக்கிய பிறகுதான் பந்தை இறுக்கத் துணிந்தார்களாம்.

அண்ணா என் காதில், "பாத்தியே, அவவுக்கு எல்லே தெரியுது" என்றார்.

போர்மன் முனகினார். "இவனை எங்கள் அணியிலேயே போடுங்கள். எதிரணிக்கு விட்டால் எனக்கு முதுகு மிஞ்சாது."

அந்த மைதானத்தில் இப்போது கிடங்கு கட்டிவிட்டார்கள். அண்ணா வேறு இடத்தில் ஆடுகிறார், சட்டங்கள் எல்லாம் மனப்பாடம். ஓடிவருபவரைப் பந்தால் மெல்லத் தொட்டு, "சொறி" என்று மன்னிப்பு வேறு கேட்கிறார். அந்த முதல் வருடம் அவர் பந்தெடுக்கக் குனிந்தாலே ஓடுபவர்கள் தலையைப் பொத்திக்கொண்டு புல்லில் படுப்பார்கள். இப்போது யாரும் படுப்பதில்லை.