ரயில்வே கேட்காரர் சொன்னது

குவீன்ஸ்டவுன் வீட்டில் சாப்பாட்டு மேசை எங்களுக்குச் சாப்பிடக் கிடைத்ததில்லை. அதன்மேல் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. டேங்க் ரோட்டில் புறப்பட்டு, ஆர்ச்சர்ட் ரோட்டை இரும்புப் பாலத்தில் தாண்டி, புக்கிட் தீமா வழியே கிராஞ்சிக்குப் போன பழைய ரயில் பாதை அது. நான் பிறப்பதற்கு முன்பே பிடுங்கி எறிந்துவிட்டார்கள். அதைத்தான் ஒட்டுப்பலகைமீது மறுபடி போட்டுக்கொண்டிருந்தேன். தண்டவாளக் கட்டைகளுக்குத் தீக்குச்சி, ஸ்டேஷன் கூரைக்கு மைலோ டின். வரைபடம் வரையும் வேலை என்பதால் பழைய நிலப்படங்கள் கைக்குக் கிடைத்தன. ஆனால் கூரைக்கு என்ன சாயம், சிக்னல் கம்பம் எந்தப் பக்கம் என்று எந்தப் படமும் சொல்லாது. அரைகுறையாக ஒன்றைச் செய்தால் எனக்குத் தூக்கம் வராது. விவரம் தெரிந்த ஆளைத் தேடி அலைந்தேன்.

"எருமை மாடு மாதிரி வளர்ந்தாச்சு, இன்னும் ரயில் விளையாட்டு" என்பாள் அம்மா. ஆனால் அவளும் மேசையருகே வந்து நிற்பாள். ஒருநாள், "இதுல சயாம் எங்கடா வரும்?" என்று கேட்டாள். அவ்வளவு தூரம் போட்டால் சுவர் இடிக்கும் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஜப்பான்காரன் காலத்தில் அப்பாவைச் சிராங்கூன் ரோட்டுத் தையல் கடையிலிருந்து லாரியில் ஏற்றி, சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். எனக்கு அப்போது ஆறு வயது. சண்டை முடிந்ததும் சிலர் திரும்பினார்கள். அப்பா வரவில்லை, செத்தார் என்ற சேதியும் வரவில்லை. அதனால் அம்மா பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. அமாவாசைக்கு அக்கம்பக்கத்தில் செத்தவர்களுக்குப் படையல் போடுவார்கள். நாங்கள் போடுவதில்லை. இருக்கிறாரோ இல்லையோ தெரியாதவருக்கு எப்படிப் படைப்பது? இருபது வருஷமாக, கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம் கேட்டால் இருவருமே தலையைத் திருப்புவோம். திருப்பியதை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ள மாட்டோம்.

புக்கிட் தீமா ரயில்வே கேட்டில் வேலை பார்த்தவர் எனக்குக் கிடைத்த புதையல். இளவயதில் டேங்க் ரோட்டுத் தண்டவாளத்தைப் பிடுங்கிய கூலிகளில் அவரும் ஒருவர். ஞாயிறுதோறும் போவேன். அவர் சொல்வதைக் குறித்துக்கொண்டு வந்து, அம்மாவிடம் மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன்.

நாலாவது ஞாயிறு, எல்லாரும் கேட்பதுபோல அவரும் கேட்டார். "அப்பா என்ன பண்றாரு தம்பி?"

தையல்காரர், சயாமுக்குக் கொண்டுபோனார்கள் என்றேன். அவர் தேத்தண்ணிக் குவளையைக் கீழே வைத்தார்.

"சிராங்கூன் ரோடா? எடது கையால தைப்பாரா?"

நான் தலையாட்டினேன்.

"என் சட்டையை அவருதான் தச்சுக் கொடுத்தாரு. சயாம்ல நானும் அதே கேம்ப்லதான் இருந்தேன். அவருக்கு வாந்திபேதி வந்துச்சு. ரெண்டே நாள்."

"எரிச்சீங்களா அண்ணே?"

"எங்க எரிக்கிறது? விடாத மழை. மூங்கில்கூடப் பத்திக்கலை. எல்லாரையும் ஒண்ணாக் குழியில தள்ளி…" ரயில் வருகிறதென்று எழுந்து கேட்டைச் சாத்தப் போனார்.

வீட்டுக்கு வந்து வாயே திறக்கவில்லை. அம்மாவின் நெற்றியைப் பார்க்கப் பயமாக இருந்தது. மேசைப் பக்கமும் போக முடியவில்லை. ஒவ்வொரு தீக்குச்சிக்கு அடியிலும் யாரோ படுத்திருப்பதுபோல் இருந்தது. இப்படியே இரண்டு வாரம் ஓடியது.

அடுத்த ஞாயிறு காலை அம்மா எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"கேட்காரரைப் பார்த்துட்டு வந்தா வாய் ஓயாமப் பேசுவே. அன்னிக்கு மட்டும் ஒண்ணும் பேசலை. என்ன சொன்னாரு?"

நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை.

"எரிச்சாங்களா, இல்ல அப்படியே விட்டுட்டாங்களா?"

"எரிச்சாங்கம்மா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அரைகுறை பிடிக்காத புத்தி, பொய்யிலும் சும்மா இருக்கவில்லை. "அந்தக் கேட்காரரே கொள்ளி வெச்சாராம்."

அம்மா நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியதுபோலப் பெருமூச்சு விட்டாள். பிறகு எழுந்து சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள்.

"பெத்த புள்ள செய்ய வேண்டியதை அவரு செஞ்சிருக்காரு. அந்தக் கையைத் தொட்டுக் கும்பிடணும். கூட்டிட்டுப் போ."

பஸ்ஸில் எத்தனையோ சாக்குச் சொல்லிப் பார்த்தேன். அவள் காதிலேயே வாங்கவில்லை. முன்னால் ஓடிப்போய் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று பார்த்தால், என் முழங்கையை அவள் விடவில்லை.

அவர் கேட்டைத் திறந்துவிட்டுத் திரும்பினார். அம்மா நேரே போய் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரருக்குக் கொள்ளி வெச்ச கை" என்றாள்.

அவர் கையை இழுத்துக்கொள்ளப் போனார். அவளுடைய தலைக்கு மேலே என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ, கைகளை அப்படியே அவளிடம் விட்டுவிட்டார்.

"ஆமாக்கா" என்றார். "நல்லா எரிஞ்சுது."