கனகாம்பரத்துக்குக் கரி துடைத்த கதை

நேற்று மகனுக்கு முகம் துடைத்துவிட்டேன். அவன் சிணுங்கியதும், அழுத்தித் துடைத்துவிட்டேனோ என்று வழக்கம்போல் பதறினேன். அந்த ஈரத்துணி வாசனையில் ராயபுரம் வந்துவிட்டது.

கல்மண்டபத்துப் பக்கம் இருந்த எங்கள் கொல்லைக்கு வெயிலே கிடையாது. பின்னால் கிடங்குச் சுவர், பனைமர உயரம். மல்லிகை வைத்தோம், இலையோடு நின்றுவிட்டது. ரோஜாவுக்கு அதுகூட முடியவில்லை. அந்த நிழல் பிடித்துப்போனது கனகாம்பரத்துக்கு மட்டும்தான். ஒரே தொல்லை, ரயில் கரி. இலைமேல் மை பூசினாற்போல் படியும். பள்ளிக்கூடம் போகுமுன் ஈரத்துணியால் துடைப்பது என் வேலை. ஒன்பது வயதில் எனக்கிருந்த பொறுப்புக்குத் துறைமுகத்தையே ஒப்படைத்திருக்கலாம்.

தட்டி வேலிக்கு அந்தப் பக்கம் ரோசம்மாக்கா. கணவர் கட்டுமரக்காரர், முற்றமெல்லாம் வலை. "மாதாவுக்கு வெக்க எனக்கும் ஒரு செடி வோணும்க்கா. இன்னா நட்டாலும் என் வூட்டாண்ட செத்துப்பூடுது" என்பார். அந்த வருஷத்து விதை முழுவதும் அவருக்கே என்று அம்மா வாக்குக் கொடுத்துவிட்டாள். "காஞ்ச கதிர்ல கை வைக்காதே" என்று எனக்கு உத்தரவு.

கை வைக்கவில்லை. ஆனால் கதிரிலும் கரி இருந்ததே! அழுக்கு விதையைக் கொடுக்கலாமா? துணியை நன்றாக நனைத்துத் துடைத்தேன். சற்று நேரத்தில் 'டப்' என்றது. பிறகு 'டப் டப்'. ஈரம் பட்டால் கனகாம்பரக் காய் வெடிக்கும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. ஒரு விதை நெற்றியில் அடித்தது. மற்றவை போன திசை தெரியவில்லை.

"எலி தின்னிருக்கும்" என்று அம்மாவே சொன்னபோது நானும் தலையாட்டிவிட்டேன்.

"வுடுக்கா, எலிக்கும் பூ ஆசை கீது போல" என்று ரோசம்மாக்கா சிரித்தார். அம்மாவின் வாக்கைக் கெடுத்தவளுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலை, வேலிக்கு மேல் குரல்: "யக்கா! உன் செடிங்க என் வூட்டாண்ட குந்திகினு கீது, வந்து பாரு!"

வலைக் குவியல் ஓரம், சுவர் நிழலில் பொடிப்பொடியாகக் கன்றுகள்.

"எலி கொண்டுவந்து நட்டதா?" என்றாள் அம்மா.

"ஆமாக்கா. ரெட்டை ஜடை போட்ட எலி. அன்னிக்கு ஒரு வெதை என் மூஞ்சிலயே வந்து அடிச்சுதே!"

அந்த வரிசை வீடுகள் போய், இப்போது அங்கே லாரிகள் நிற்கின்றன. ரோசம்மாக்கா திருவொற்றியூர்ப் பக்கம் என்று கேள்வி. என் மாடிப்படி நிழலில் ஒரு தொட்டிக் கனகாம்பரம் இருக்கிறது. நேற்று மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு, காய்ந்த கதிர்மேல் துணியைப் பிழிந்தேன். அவன் கண்ணில் பட்டுவிடுமோ என்று கையால் மறைத்தும்கொண்டேன். டப்! பையன் கெக்கலித்தான். விதை கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் போயிற்று. எட்டிப் பார்த்தேன். கீழே சிமென்ட் தரை. நிமிர்ந்து பார்த்துத் திட்ட ஒரு முகமும் இல்லை.