பட்டியலில் கடைசியாக இருந்தவர்

திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி கட்டும் பட்டறை ஒன்றில் நான் ஸ்டோர் கீப்பர். ஃபுட்பாலைக் காலால் ஆடியதே இல்லை. செல்போனில்தான் ஆடுவேன். வெளிநாட்டு லீக்கில் ஆடுகிறவர்களில் பதினோரு பேரைப் பொறுக்கி நமக்கென்று ஓர் அணி வைத்துக்கொள்ள வேண்டும். நிஜ ஆட்டத்தில் அவர்கள் கோல் போட்டாலோ, கோலுக்குப் பந்து எடுத்துக் கொடுத்தாலோ நமக்குப் பாயிண்ட். ஆபீஸ் ஆட்கள் சேர்ந்து ஆடியதில் நான்தான் எப்போதும் முதல். அதனால் எனக்கு ஃபுட்பால் தெரியும் என்று பட்டறையில் ஒரு பேர் வந்துவிட்டது. நானும் அதை நம்பிவிட்டேன்.

பட்டறைக்கு நிஜமாகவே ஒரு டீம் உண்டு. போன வருஷம் ஓமலூர்ப் பக்கம் கம்பெனி அணிகளுக்குள் ஒரு போட்டி நடந்தது. யார் யார் ஆடுவது என்று முடிவுசெய்யும் பொறுப்பை மேனேஜர் என்னிடம் கொடுத்தார்.

"உங்களுக்குத்தான் கணக்குத் தெரியுமுங்களே. நீங்களே பாத்துப் போட்டுருங்க."

ஆறு ஞாயிற்றுக்கிழமை பயிற்சி ஆட்டங்களை நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து பார்த்தேன். கோலுக்கு இவ்வளவு, கோலுக்குப் பந்து கொடுத்ததற்கு இவ்வளவு, கோல் காக்கும் கோலி ஒரு பந்தைத் தடுத்தால் இவ்வளவு என்று பாயிண்ட் போட்டேன். கூட்டிப் பார்த்ததில் கடைசியில் வந்தவர் ஒரு வெல்டர். நாற்பதைத் தாண்டியவர், எல்லாருக்கும் அண்ணன். தடுப்பாட்டக்காரர்களுக்குச் சற்று முன்னால் நிற்பார். பந்து வந்தால் பக்கத்து ஆளுக்குத் தள்ளிவிடுவார். பாதி நேரம் கையை நீட்டி யாரையாவது எங்கேயாவது நகரச் சொல்லிக்கொண்டிருப்பார். அதற்கெல்லாம் என் தாளில் கட்டம் இல்லை.

டீமில் எடுக்கவில்லை என்பதை அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நான் அப்படிச் செய்யவில்லை. டீ நேரத்தில் எல்லாரும் நின்றிருக்க, பிரிண்ட் எடுத்த தாளை மேலிருந்து கீழாகச் சத்தமாக வாசித்தேன். அவர் பேருக்கு நேரே பூஜ்யம் என்றபோது யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"கோபிச்சுக்காதீங்கண்ணா, நம்பர் அப்படித்தான் சொல்லுது."

"செரி தம்பி. செயிக்கறதுதானே முக்கியம்" என்று டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

போட்டியன்று அவர் தன் வண்டியிலேயே வந்திருந்தார். தண்ணீர் கேனைத் தூக்கிவந்து கோட்டோரம் வைத்தார். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே கத்த ஆரம்பித்தார். "எடது பக்கம் தொறந்து கெடக்குது பாரு! யாராச்சும் உள்ள வாங்கப்பா!" அவர் சொன்ன இடம் வழியாகத்தான் முதல் கோல் விழுந்தது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. நேரே அவரிடம் போனேன்.

"டீம்ல இல்லாதவங்க சத்தம் போட்டா ஆடறவங்க கொழம்பறாங்கண்ணா. அந்தப் பக்கம் போயி உக்காருங்க."

"செரிங்க சார்" என்றார். அதுவரை அவர் என்னைச் சார் என்று கூப்பிட்டதில்லை. தூரத்தில் வேப்பமரத்தடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஐந்து கோல் வாங்கித் தோற்றோம். வரிசையாகப் பந்து வந்துகொண்டே இருந்தது. எங்கள் கோலி லேத் ஓட்டுகிறவர். விழுந்து விழுந்து தடுத்ததில் இரண்டு முழங்கையும் தோல் உரிந்துவிட்டது. திரும்பும்போது வேனில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னேன்: "என்னோட கணக்குல இன்னிக்கு உங்களுக்குத்தாங்க பாயிண்ட் அதிகம்."

அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணன் முன்னால நின்னா எனக்கு வேலையே வராதுங்க. எதிராளு அடிக்கறதுக்கு முந்தியே வழியை அடைச்சுருவாரு. பயிற்சியில எனக்கும் பாயிண்ட் கம்மியாத்தானே போட்டிருந்தீங்க? ஏன்னு நெனச்சீங்க?"

அவர் தடுத்த பந்துகளை எண்ணியிருந்தேன். அவரிடம் வந்தே சேராத பந்துகள் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பின்சீட்டில் அண்ணனைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்கள். யாரும் என் பேரைச் சொல்லவில்லை. காது மட்டும் சுட்டுக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போன பிறகு வெல்டிங் ஷெட்டுக்குப் போனேன். அண்ணன் மட்டும் தனியாக ஒரு வண்டிச் சேஸிஸை ஒட்டிக்கொண்டிருந்தார். முகமூடியைத் தூக்கினார்.

"அண்ணா, நான் செஞ்சது தப்புங்கண்ணா."

"அட, அதுக்கென்னங்க சார். விளையாட்டுதானே" என்று முகமூடியை இறக்கிக்கொண்டார். பொறி பறந்தது. நான் ஸ்டோருக்குத் திரும்பினேன்.

அன்று சாயங்காலம் யோசித்தபோதுதான் புரிந்தது. அவரைச் சிறுமைப்படுத்தியது இருபது பேர் முன்னால். மன்னிப்புக் கேட்டது யாரும் இல்லாத நேரம் பார்த்து. அதையும் என் மானத்துக்குச் சேதம் வராமல் கணக்குப் பார்த்துத்தான் செய்திருக்கிறேன்.

ஆள் எடுக்கும் பொறுப்பு இப்போது கோலியிடம் இருக்கிறது. அண்ணன் மறுபடி ஆடுகிறார். ஆயுத பூஜையன்று மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து முடிந்ததும் பட்டறையே ஒன்றாகக் கூடியிருந்தது. இன்று எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்துத்தான் வந்திருந்தேன். பொரித் தட்டோடு அவர் முன்னால் போய் நின்றேன். பேச்சுகள் அடங்கி எல்லாரும் எங்களைப் பார்த்த மாதிரி இருந்தது. வாயைத் திறந்தேன்.

"பொரி எடுத்துக்கங்கண்ணா" என்றேன். ஒரு கை அள்ளிக்கொண்டார். நான் அடுத்த ஆளிடம் நகர்ந்துவிட்டேன்.