டைல்ஸ் தரையில் விழுந்த அம்மா

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். ஆசிரியர் வேலை கிடைத்ததும், உப்பளத்துக்குப் போய்க்கொண்டிருந்த அம்மாவை நிறுத்தி, மில்லர்புரம் வீட்டில் உட்கார வைத்தேன்.

"ஏளா, வாசலையாவது பெருக்குதேன்" என்று கேட்டாள். டீச்சரின் அம்மா துடைப்பம் பிடிப்பதா என்று அதற்கும் ஆள் வைத்தேன்.

இரண்டே வருடம். நாற்காலியிலிருந்து எழும்போது தடுமாறி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்தது. உட்கார்ந்தே இருந்ததில் கால் தசை வற்றிவிட்டது என்றார் டாக்டர்.

அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "முப்பது வருசம் தலையில உப்போட வரப்புல நடந்தேன், விழல. ஒன் டைல்ஸ்ல விழுந்துட்டேன்."

இப்போது எலும்பு கூடியபின், டாக்டர் சொன்னபடி தினமும் அவளை நாற்காலியிலிருந்து பலமுறை எழுந்து நின்று உட்காரச் செய்கிறேன். ஐந்தாவது முறையிலேயே கால் நடுங்குகிறது. பெருக்க வந்த ஆளை நிறுத்திவிட்டேன். துடைப்பம் வாசலில் இருக்கிறது. அம்மா இன்னும் அதுவரை நடக்கவில்லை.